தலைவரின் சர்க்கரையை விரட்டிய வரலாறு

மூன்றே மாதத்தில் ஒரு மனிதரின் சர்க்கரை நோயைக் கைதட்டியே விரட்டிய அமைப்பு உலகில் ஒன்றுதான் உண்டு. அது எங்கள் 'ராஜபாளையம் விடியல் நடையாளர் பேரவை'. அதன் செயலாளர் என்ற முறையில் இதைச் சொல்லும் உரிமை எனக்கு இருக்கிறது. தினமும் காலையில் சஞ்சீவி மலையைப் பார்த்தபடி நடப்போம். நடந்து முடிந்ததும் டீக்கடையில் 'இழந்த சக்தியை மீட்கும் அமர்வு' நடக்கும். அதில் உளுந்த வடைக்கு முக்கியப் பங்கு உண்டு.

பேரவையில் நாங்கள் சாதி, சொத்து, படிப்பு எதையும் பார்ப்பதில்லை. எண்களை மட்டுமே பார்ப்போம். ஒருவர் வணக்கத்துக்குப் பதிலாக, "சீனி மூணு மாச சராசரி அஞ்சு புள்ளி எட்டு" என்பார். எதிரே வருகிறவர், "ட்ரைகிளிசரைடு நூத்தி நாப்பது" என்று பணிவோடு பதில் சொல்வார். இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொள்ள எங்கள் விதிகளில் இடம் உண்டு. அளவை எழுதி முடிக்கும்வரை இழுத்தவர் பேசக் கூடாது, அவ்வளவுதான்.

தலைவர் பதவிக்குப் போட்டியிடுகிறவர் ரத்தப் பரிசோதனை அறிக்கை தர வேண்டும் என்பதும் விதி. அந்த விதியைக் கொண்டுவந்த தீர்க்கதரிசி, ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டரும் அப்போதைய தலைவருமான பாண்டிதுரை. அவரை எதிர்த்து நின்றவர் செட்டியார்பட்டி பால்ச்சாமி. அறிக்கை தர வேண்டிய வாரம் பார்த்து, சேத்தூரில் சொந்தக்காரர் வீட்டுக் கிடாவெட்டு வந்து தொலைந்தது. தலைவர் போனார். எந்தப் பந்தியையும் அவர் மனம் நோகவிடவில்லை.

லேப்பிலிருந்து கௌதம்ராஜ் ரத்தம் எடுக்க வீட்டுக்கு வந்தபோது பேரவையின் 'பார்வையாளராக' நானும் இருந்தேன். தலைவர் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏட்டி ஈஸ்வரி, கைய நீட்டு. செத்த நேரந்தான்."

"எனக்கு எதுக்கு?"

"ஒனக்கு இல்லட்டி, எனக்கு. நீதான் ஒல்லியா இருக்கியே. ஒன் ஒடம்புல சீனி எங்குட்டு வந்து நிக்கப் போவுது?"

கௌதம்ராஜ் தயங்கினார். "சார், ட்யூப்ல யாரு பேரு எழுதட்டும்?"

"எம் பேருதான். இவ இனிஷியல்ல, ரேஷன் கார்டுல, கரண்டு பில்லுல, எல்லாத்துலயும் எம் பேருதான் இருக்கு. ரத்தத்துல மட்டும் என்ன தனியா?"

இந்தச் சட்ட நுணுக்கத்தை ஏற்று கௌதம்ராஜ் ட்யூபில் தலைவரின் பெயரை எழுதினார். ஈஸ்வரி மதினி கையை நீட்டினார்.

மறுநாள் அறிக்கை வந்தது. வெறும் வயிற்றுச் சர்க்கரை 186. மூன்று மாத சராசரி 9.1. கெட்ட எண்கள் எல்லாம் மேலே, நல்ல கொழுப்பு கீழே. மேலே அழகான எழுத்தில் பாண்டிதுரை என்று இருந்தது. மதினி அடுப்படியிலிருந்து வந்து நின்றார்.

"ஏங்க, அது என் ரத்தம்லா? அப்ப எனக்குத்தான சீனி? அதான் கொஞ்ச நாளா எம்புட்டுத் தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல."

"சத்தம் போடாத. வெளிய தெரிஞ்சா எம் மானம் போயிரும். இது முடியட்டும், பொறவு ஒன்ன ஸ்ரீவில்லிபுத்தூர்ல காட்டுதேன்."

'இது' சுலபத்தில் முடியவில்லை. காரணம், பேரவையின் ஈர நெஞ்சம். லேப்பிலிருந்து பேரவைக்கும் நேரே போயிருந்த அறிக்கையைப் பார்த்த பால்ச்சாமி கண்கலங்கிப் போட்டியிலிருந்து விலகினார். "அம்புட்டு சீனிய வச்சுக்கிட்டு இப்படி நடக்காரே, அவருதாம்யா தலைவரு" என்றார். அன்றே 'தலைவரைக் காப்போம்' இயக்கம் பிறந்தது. தலைவரின் கையில் சர்க்கரை அளக்கும் சென்சார் ஒன்றை ஒட்டினோம். அது செல்போனில் காட்டும் எண்ணை நான் காலையில் மைக்கில் அறிவிப்பேன். நூற்றிரண்டு என்றால் கைதட்டல். தொண்ணூற்றெட்டு என்றால் எழுந்து நின்று கைதட்டல். சென்சாருக்கு நன்றி, அது ஒருநாள்கூடப் பொய் சொல்லவில்லை.

தலைவருக்குக் குதிரைவாலிச் சோறு, கம்பங்கூழ், பாகற்காய்ச் சாறு எல்லாம் மதினிதான் செய்தார். அதற்குப் பிறகு தனக்கென்று தனியாக உலை வைக்க அவருக்குத் தெம்பு இல்லை. பிள்ளைகளுக்கு வடித்த வெள்ளைச் சோற்றில் மிஞ்சியதைச் சாப்பிட்டார். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக் கூடாது என்று உறுப்பினர்கள் ஆளுக்கொரு பால்கோவா டப்பாவோடு வந்தார்கள். தலைவரின் மன உறுதி பெரிது. விரலால்கூடத் தொடவில்லை.

"கெட்டுப் போயிரும், நீ தின்னுட்டி" என்று மட்டும் சொன்னார்.

மதினி ஒருநாள் சொன்னார்: "நானே பஸ்ஸேறி டாக்டர்ட்டப் போயிட்டு வாரேன்."

"அங்க நம்ம பேரவை ஆளுக நாலு பேரு ஒக்காந்திருப்பான். என்ன சொல்லுவ? மூணாம் மாசம் எனக்குப் பாராட்டு விழா வச்சிருக்காவ, அது முடியட்டும்."

விழா வந்தது. இந்த முறை தலைவர் துணிந்து தன் சொந்தக் கையையே நீட்டியிருந்தார். சராசரி 5.5. ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் சத்யப்பிரியா சிறப்பு விருந்தினர். இரண்டு அறிக்கைகளையும் பார்த்துவிட்டு, இப்படி ஒரு முன்னேற்றத்தைத் தன் அனுபவத்தில் கண்டதில்லை என்று பேசினார். கண்டிருக்க மாட்டார், எனக்குத் தெரியும். பொன்னாடை போர்த்தத் தலைவரின் துணைவியாரை அழைத்தேன். மதினி காலை இழுத்து இழுத்து மேடை ஏறினார். பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"கால்ல என்னம்மா?" என்றார் டாக்டர்.

"கல்லு குத்துச்சு. ரெண்டு மாசமா ஆற மாட்டேங்கு."

டாக்டர் குனிந்து துணியை விலக்கிப் பார்த்தார். முகம் மாறியது. "உங்களுக்குச் சர்க்கரை இருக்கான்னு பார்த்தீங்களா?"

மைக் அணைக்கப்படவில்லை.

"பாத்தாச்சு டாக்டரம்மா. ரத்தம் எங்கிட்டதான் எடுத்தாவ. வைத்தியந்தான் அவியளுக்கு நடக்கு."

கூட்டம் வழக்கம்போலக் கைதட்ட ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தியது. எனினும் 'மூன்றே மாதத்தில் சர்க்கரையை வென்றோம்' என்று நாங்கள் அடித்த போஸ்டரில் ஒரு பிழையும் இல்லை. சர்க்கரை இல்லாதவருக்கு அது இல்லாமல் பார்த்துக்கொண்டோம். இருந்தவருக்கு அது குறையாமல் பார்த்துக்கொண்டோம்.