கொக்கி போட்ட பில்

பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பது. தொழில்நுட்பக் கல்லூரி வைண்டிங்காரருக்குத் தர வேண்டிய பாக்கி அது. எண்பத்து மூன்று மணி நேரப் பாடம், மணிக்கு நூற்றைம்பது. அந்தக் கணக்கை எழுதிய பில்லைத்தான் கணக்குப் பிரிவு எழுத்தர் இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, செத்த எலியைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எண்பத்தி மூன்றுன்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா சார். எண்பத்தி மூணு மணி நேரம்தானே நடத்தினேன்."

"எண்பத்து. 'த்து'. 'த்தி' கிடையாது. திருத்திக் கொண்டாங்க."

"நான் கரண்டுக்கு வாத்தியார் சார், தமிழுக்கு இல்லை."

"கரண்டுல ஒரு கம்பி மாறினா என்ன ஆகும்?"

"ஷாக் அடிக்கும்."

"இங்கேயும் அடிக்கும். போயிட்டு வாங்க. டீ குடிச்சிட்டே போங்க, நான் சொல்லியிருக்கேன்."

அந்த எழுத்தருக்குக் கல்லூரி வைத்திருந்த பெயர் கொக்கி. கரண்ட் திருடுகிறவன் கம்பத்தில் கொக்கி போடுவான். இவர் பில்லில் போடுவார். டீயை மட்டும் தாராளமாக வாங்கிக் கொடுப்பார்.

வைண்டிங்காரர் பகல் முழுக்கப் பட்டறையில் எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றுகிறவர். அங்கே முதலாளிக்கு அவர் "யோவ் வைண்டிங்". சாயங்காலம் ஐந்து மணிக்கு முகம் கழுவி, சட்டை மாற்றி, கல்லூரிக்குப் போய் எலக்ட்ரிக்கல் லேப் நடத்துவார். அங்கே அவர் "சார்". இருபத்தெட்டுப் பேர் ஒரே நேரத்தில் எழுந்து நின்று அப்படிச் சொல்லும்போது முதுகுவலி பாதி இறங்கிவிடும்.

ஆனால் பல் டாக்டர் அந்தச் 'சாரை' வாங்கிக்கொண்டு பல் கட்டித் தருவாரா?

பல் வீட்டுக்காரம்மாவுடையது. முன்பல் இரண்டு. போன மாதம் வீட்டில் ஒரு மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தபோது கத்தரி எங்கோ போய்விட்டது. "இந்த ஒயர் நுனியைக் கொஞ்சம் கடிச்சு உரிச்சுக் குடு" என்று நீட்டியவர் இவர்தான். ஒயர் அப்படியே இருந்தது. பல் உரிந்து வந்துவிட்டது. புதுப் பல் தயாராகி டாக்டரிடம் டப்பாவில் இருக்கிறது. விலை பன்னிரண்டாயிரம். சனிக்கிழமை மகள் பட்டம் வாங்குகிறாள்.

"ஹனிக்கிழமை போட்டோ எடுப்பாங்க. நான் ஹிரிக்கணும்" என்றாள் மனைவி, வாயைக் கையால் பொத்திக்கொண்டு.

"சிரிப்பே, சிரிப்பே. வியாழக்கிழமைக்குள்ள வாங்கிடுறேன்."

"இதையேதான் ஹித்திரையிலயும் ஹொன்னீங்க."

செவ்வாய்க்கிழமை 'த்தி'யை அடித்து 'த்து' போட்டுக்கொண்டு போனார்.

"அடித்தல் திருத்தல் இருக்கே. துறைத்தலைவர் கையெழுத்து வேணும்" என்றார் கொக்கி.

துறைத்தலைவர் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தவர், திறந்த தோஷத்துக்குப் பில்லைப் படித்தும் பார்த்துவிட்டார்.

"ஒன்பதாம் தேதி ரெண்டு மணி நேரம் போட்டிருக்கீங்க. அன்னைக்குக் கல்லூரியிலேயே கரண்ட் இல்லையே. கரண்ட் இல்லாம எலக்ட்ரிக்கல் லேப் எப்படி நடத்தினீங்க?"

"கரண்ட் ஏன் போச்சுன்னு நடத்தினேன் சார்."

"கண்டுபிடிச்சீங்களா?"

"பிள்ளைங்க கண்டுபிடிச்சாங்க. மெயின் பியூஸ். அவங்களே போட்டாங்க. அதுக்கப்புறம்தான் உங்க ரூம்ல லைட் வந்தது."

"இருக்கட்டும். அத்தாட்சி வேணும்."

அத்தாட்சிக்கு என்ன செய்வது? மாணவர்களிடமே ஒரு தாளைக் கொடுத்து, 'அன்று வகுப்பு நடந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். பாசக்காரப் பிள்ளைகள். பத்து நிமிடத்தில் தாள் நிறைந்து வந்தது. கொக்கி ஒவ்வொரு கையெழுத்தாக விரல் வைத்து எண்ணினார்.

"வகுப்புல எத்தனை பேர்?"

"இருபத்தெட்டு."

"இதுல முப்பத்தொண்ணு இருக்கு."

வெளியே நின்றிருந்த மெக்கானிக்கல் பிரிவுப் பிள்ளைகள் மூன்று பேர், "நம்ம சாருக்குத்தானே" என்று அவர்களும் போட்டுவிட்டார்களாம்.

"போலிக் கையெழுத்துன்னு எழுதி மேலே அனுப்பணும். உங்க முகத்துக்காக அனுப்பலை" என்றார் கொக்கி. ஏமாற்றம் துளியும் இல்லை, திருப்தியாக இருந்தது அந்த முகம். "புதுசா பில் போட்டு வாங்க. டீ?"

வைண்டிங்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே கல்லூரியில் வெல்டிங் சொல்லிக்கொடுத்த பார்ட் டைம்காரர் ஒருத்தர் உண்டு. வகுப்பில் நாற்காலியிலேயே தூங்குகிறவர். அவருக்கு மூன்றே நாளில் முழுப் பணமும் கொடுத்து அனுப்பியவர் இந்தக் கொக்கிதான். பணம் வந்த மிதப்பில் அந்த மனுஷன் அதற்குப் பிறகு இந்தப் பக்கம் தலைகாட்டவே இல்லை. தூங்கியவனுக்குக் காசு, நின்றவனுக்குக் கொக்கியா?

புதன்கிழமை வேறு வழியில் போய்ப் பார்த்தார். கணக்குப் பிரிவு மின்விசிறி ஒரு வருடமாக ஓடவில்லை. முதலில் மனுஷனைக் குளிர வைப்போம் என்று, பில்லை மேசையில் வைத்துவிட்டு ஸ்டூல் போட்டு ஏறினார். கெப்பாசிட்டரை மாற்றி, இறங்கி, சுவிட்சைப் போட்டார்.

ஒரு வருடம் ஓய்வெடுத்த விசிறி. எடுத்த எடுப்பில் சுற்றிய வேகத்தில் மேசைக் காகிதமெல்லாம் எழுந்து பறந்தது. மற்றதெல்லாம் அறைக்குள்ளேயே விழுந்தது. வைண்டிங்காரர் பில் மட்டும் கதவுவழியே வெளியேறி, தாழ்வாரம் துடைத்துக்கொண்டிருந்த பெல்லக்காவின் அழுக்குத் தண்ணீர் வாளியில் போய்ப் படுத்துக்கொண்டது. கல்லூரியில் மணி அடிப்பது, துடைப்பது, பூட்டுவது, ஊர்க்கதை சேகரிப்பது எல்லாம் பெல்லக்காதான்.

"சார், உங்க பில்லு குளிக்குது" என்றாள்.

"நல்ல காத்து" என்றார் கொக்கி, கண்ணை மூடிக்கொண்டு.

வியாழக்கிழமை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தது போதும் என்று வைண்டிங்காரர் முடிவு செய்தார். கடிக்கப் பல் இல்லாத மனைவி அதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள். இருவரும் நேராக முதல்வர் அறைக்குள் நுழைந்தார்கள். வைண்டிங்காரர் கையில் வெயிலில் காயவைத்து அப்பளமாகிப்போன பில்.

அவர் "ஐயா..." என்று இழுப்பதற்குள் மனைவி வாயிலிருந்து கையை எடுத்தாள்.

"ஹார், பாருங்க ஹார். ஹம்பளம் குடுக்காததால என் ஹிரிப்பே போச்சு ஹார்."

முதல்வர் ஆடிப்போனார். பிறகு வைண்டிங்காரரை உற்றுப் பார்த்தார். "நீங்க எலக்ட்ரிக்கல் பார்ட் டைமா? உங்க கணக்கு இன்னுமா முடியலை? இதைத்தானே நான் ரெண்டு மாசமா கேட்டுக்கிட்டிருக்கேன்!"

எவ்வளவு பெரிய மனசு என்று வைண்டிங்காரருக்குக் கண் கலங்கியது.

கொக்கியை வரவழைத்தார்கள்.

"ஒரே ஒரு வாரம் சார்" என்றார் கொக்கி. "பில் நனைஞ்சிருக்கு. ஒன்பதாம் தேதி சந்தேகத்துல இருக்கு. 'த்து' வேற..."

"ஒரு மணி நேரத்துல பணம் போயாகணும்" என்றார் முதல்வர்.

வெளியே வந்ததும் கொக்கி வைண்டிங்காரரின் கையைப் பிடித்தார். "உங்க நல்லதுக்குச் சொல்றேன். ஒரு வாரம் பொறுங்க. பல்லுக்கு வேணும்னா நான் கைமாத்துத் தரேன்."

"உங்க நல்லதெல்லாம் 'த்தி'யிலேயே பார்த்துட்டேன் சார். எடுங்க பணத்தை."

கொக்கி கையை விட்டார். ஒரு சீட்டை நீட்டினார். 'பாக்கி முழுவதும் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கும் கல்லூரிக்கும் எந்தக் கணக்கும் இல்லை.' வைண்டிங்காரர் 'எண்பத்து மூன்று' என்று பிழையில்லாமல் எழுதி, நீளமாகக் கையெழுத்துப் போட்டார். பன்னிரண்டாயிரத்து நானூற்று ஐம்பதையும் எச்சில் தொட்டு எண்ணினார். சரியாக இருந்தது. 'கணக்கு முடிந்தது' என்று கொக்கி குத்திய முத்திரை ஏனோ மெதுவாகத்தான் விழுந்தது. அன்றைக்கு அவர் டீ வாங்கித் தரவில்லை.

பன்னிரண்டாயிரத்தை மனைவி கையில் கொடுத்துப் பல் டாக்டரிடம் அனுப்பிவிட்டு, மீதி நானூற்று ஐம்பதைச் சட்டைப் பையில் தட்டிப் பார்த்தபடி வைண்டிங்காரர் லேப் பக்கம் நடந்தார். மணி ஐந்து. பெல்லக்கா லேப் கதவில் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இப்பவே பூட்டுறீங்க? பிள்ளைங்க வர்ற நேரம். ஜெயிச்சுட்டேன் தெரியுமா! கொக்கியைக் கழட்டிப் பணத்தை வாங்கிட்டேன்."

பெல்லக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"பார்ட் டைம் ஆளுங்களை எல்லாம் நிறுத்தச் சொல்லி ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே ஆர்டர் வந்துடுச்சு சார், கணக்கு முடியாம பாக்கி இருக்கிறவங்களை மட்டும் தொடக்கூடாது, பாக்கியோட இந்த மாசக் கடைசியைத் தாண்டிட்டா நிரந்தரம்னு அதுல ஒரு வரி, அந்தக் கொக்கியில தொங்கிக்கிட்டுத்தான் சார் உங்க வேலை இருந்தது."