மச்சான், இன்னைக்கு யாரு?

மாலை நாலு பத்து. தெருமுனையில் ஒரு வாடகைக் கார் நின்றது. முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைத் துண்டு. அதைத் தோளில் போட்டிருந்த பெரியவர் சற்றுத் தாமதமாக வெளியே வந்தார். கூட வந்த இருவரும் அவருக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். இன்றைக்கு இவர்தான் என்று முடிவு செய்தேன்.

எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எழுபதுகளின் நடுவில் தூத்துக்குடியில் ஒரு பத்திரிகைக்குத் துறைமுகச் செய்திகள் எழுதிக்கொண்டிருந்தேன். கப்பலைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். மனிதர்களோடு பேசத்தான் வராது. எங்கே சிரிப்பது, எதிராளியின் முகத்தை எவ்வளவு நேரம் பார்ப்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதெல்லாம் மற்றவர்களுக்குத் தானாக வருகிறது. எனக்கு வரவில்லை. ஆகவே ஒரு முறை வைத்திருந்தேன். போகிற இடத்தில் எல்லோரும் மதிக்கிற ஒருவரைப் பிடித்துக்கொள்வேன். அவர் கால்மேல் கால் போட்டால் நானும் போடுவேன். அவர் சிரித்தால் கொஞ்சம் கழித்துச் சிரிப்பேன். (கழித்துத்தான். கூடவே சிரித்தால் சந்தேகப்படுவார்கள்.) வீட்டுக்கு வந்து அந்த முகத்தை இறக்கி வைக்கும்போது தாடை வலிக்கும். விளக்குப் போடாமல் படுத்துக்கிடப்பேன்.

அன்றைக்கு வந்தவர்கள் என் தங்கை செல்வியைப் பெண் பார்க்க வந்தவர்கள். அப்பா இல்லாத வீடு. உட்காரவைத்துப் பேசவேண்டியவன் நான். அதற்கு முன் வந்த இரண்டு இடமும் என்னால்தான் தட்டிப்போயின. "பொண்ணைக் குறை சொல்ல முடியாது. அண்ணன்காரன்தான் ஒரு மாதிரி இருக்கான்னு சொல்லுதாவ" என்று தரகர் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். (முதல் தடவை தரையைப் பார்த்தே பேசினேன். தரையைப் பார்க்காதே என்று வீட்டில் திட்டியதால், இரண்டாம் தடவை மாப்பிள்ளையின் அத்தையைக் கண் இமைக்காமல் பார்த்தேன். அந்தம்மாள் முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டார்.)

மூன்றாவது இடம் வரவிருந்த அன்று காலையிலேயே செல்வி என்னைத் தனியாகப் பிடித்தாள்.

"அண்ணே, எனக்கு இந்த மாப்பிள்ளையைப் போட்டோவுல பாத்ததுமே பிடிச்சுப்போச்சு. இதுவும் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. ஒரு மணி நேரம் சாதாரணமா இரி. போதும்."

"சாதாரணமான்னா யாரு மாதிரி?" என்று கேட்டேன்.

அவள் தலையில் அடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

மாப்பிள்ளை துறைமுக ஆபீஸில் வரைபடம் வரைகிறவர். கூட வந்தது அவருடைய அம்மாவும் பெரியப்பாவும். பெரியப்பாவுக்கு விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் மண்டி. அவர் வார்த்தைதான் அந்த வீட்டில் கடைசி வார்த்தை. அவருக்கு நேர் எதிரே உட்கார்ந்தேன். இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றினார், ஊன்றினேன். சுலபமான மனிதராகத் தெரிந்தார்.

"தம்பிக்குப் பேப்பர்ல வேலையாம்லா?" என்றார். இடது கண்ணை இறுக்க மூடித் திறந்தார். வலது தோள் காது வரைக்கும் ஏறி இறங்கியது. முடிவில் "ம்க்கும்" என்று ஒரு சத்தம்.

கவனித்துக்கொண்டேன். கண், தோள், ம்க்கும். கேள்வி கேட்டால் இப்படி முடிப்பது வடக்குப் பக்கத்து மரியாதை போலிருக்கிறது.

"ஆமா அண்ணாச்சி" என்றேன். கண்ணை மூடித் திறந்தேன். தோளை உயர்த்தினேன். "ம்க்கும்."

மாப்பிள்ளையின் அம்மா வாய்க்குக் கொண்டுபோன மக்ரூன் பாதியில் நின்றது.

பெரியவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். அவருக்குக் கண்ணும் தோளும் இப்போது இரண்டு தடவை வந்தன. நானும் இரண்டு தடவை செய்தேன். அவர் முகம் சிவந்தது. (அதை மட்டும் என்னால் செய்ய முடியவில்லை.) "இங்கன தண்ணிக் கஷ்டம் எப்படி?" என்று அவசரமாகப் பேச்சை மாற்றினார். சிரமம்தான் என்று சொல்லி, கண், தோள், ம்க்கும் மூன்றையும் குறைவில்லாமல் சேர்த்தேன். அடுக்களை வாசலிலிருந்து அம்மா கண்ணை உருட்டினாள். நன்றாகப் போகிறது என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

"ஏலே!" பெரியவர் எழுந்துவிட்டார். "வீட்டுக்குக் கூப்பிட்டு உக்கார வச்சு நக்கலா பண்ணுத?"

அவர் எழுந்ததால் நானும் எழுந்தேன். துண்டை உதறித் தோளில் போட்டார். என்னிடம் துண்டு இல்லை. இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் யோசிக்க விரும்பவில்லை.

"கார்ல ஏறுங்க. இந்த வீட்டுச் சங்காத்தமே வேண்டாம்."

அப்போது உள்ளறைக் கதவு திறந்தது. கூப்பிட்ட பிறகுதான் பெண் வரவேண்டும். செல்வி கூப்பிடாமலே, காப்பித் தட்டோடு வந்து வாசலை மறித்து நின்றாள்.

"மாமா, எங்க அண்ணனுக்கு நக்கல் பண்ணத் தெரியாது. தெரிஞ்சாத்தான் எங்களுக்குக் கவலை இல்லியே! நாலு பேர் முன்னால எப்படி இருக்கணும்னு அவனுக்குத் தெரியாது. அதனால எதுக்க இருக்கவுக செய்யுத மாதிரி செய்வான். உங்களைப் பெரிய மனுசன்னு நெனச்சிருக்கான். அதான் உங்களை மாதிரி இருக்கான்."

"அப்படியாடே?" என்று என்னைக் கேட்டார்.

"ஆமா அண்ணாச்சி. நீங்க நல்லா உக்காந்திருந்தீங்க."

பெரியவர் துண்டால் இடது கண்ணைத் துடைத்தார்.

"எனக்கு இது வத்தல் நெடியில வந்தது. அடக்கணும் அடக்கணும்னு நெனச்சாத்தான் கூடுதலா வருது. அடக்கி அடக்கியே அலுத்துப்போச்சு" என்றார்.

"எனக்கும் அலுப்பாத்தான் இருக்கு" என்றேன். அன்றைக்கு நானாகப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

மாப்பிள்ளை அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அதற்கு மேல் முடியாமல் சிரித்துவிட்டார். "பெரியப்பா, நம்ம வீட்டுப் பிள்ளைகளே இத்தனை வருஷமா உங்களை இப்படிச் செஞ்சு காட்டுது. ஒருத்தருக்கும் அந்த 'ம்க்கும்' சரியா வரல!"

பெரியவர் அவரை முறைத்தார். பிறகு செல்வியிடமிருந்து ஒரு காப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். இனி யாரைப் பார்த்து உட்காருவது என்று தெரியவில்லை.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அன்றிலிருந்து எந்த விசேஷ வீட்டில் என்னைப் பார்த்தாலும் மாப்பிள்ளை காதோரம் வந்து, "மச்சான், இன்னைக்கு யாரு?" என்று கேட்பார். நான் ஆளைக் காட்டுவேன். இப்போது அவருடைய பேரப்பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

அறுபது வயதுக்கு மேல் ஒரு டாக்டர் இதற்குப் பெயர் சொன்னார். ஆட்டிசம். அதை வெளியே தெரியாமல் மறைத்து நடமாடுவதை முகமூடி போடுவது என்கிறார்களாம். செல்விக்கு போன் செய்து சொன்னேன்.

"இதைத்தான அன்னைக்குக் காப்பித் தட்டோட நின்னு சொன்னேன்! இதுக்கு டாக்டருக்கு வேற தெண்டம் அழுதியா?" என்றாள்.

பெரியவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. வீட்டில் யாரும் இல்லாதபோதும் என் வலது தோள் காது வரைக்கும் ஏறி இறங்குகிறது.