குடைக்குள் காட்டிய வீடு

குடைக்காரரே, நீர் என்னை ஏமாற்றினீர். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

வாசகர்களுக்கு ஆளைச் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரியில் வீட்டுத் தரகர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வானத்தைக் காட்டாமல் வீடு விற்கத் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். பெயர் என்னவென்று லாஸ்பேட்டையில் எவனுக்கும் தெரியாது. கத்திரி வெயிலானாலும் மார்கழிப் பனியானாலும் ஒரு பெரிய கறுப்புக் குடையோடு வருவார். தனக்குப் பிடித்துக்கொள்ள மாட்டார். வீடு பார்க்க வந்தவர் தலைக்கு மேல் பிடிப்பார், உற்சவ மூர்த்திக்குப் பிடிப்பதுபோல. என் மாமனார்கூட எனக்கு அந்த மரியாதை கொடுத்ததில்லை. மயங்கிவிட்டேன்.

கூப்பிடுவதிலும் ஒரு முறை வைத்திருந்தார். வீடு பார்க்க வருகிறவர் 'முசியே'. பத்திரம் முடிந்துவிட்டால் 'சார்'. குறை சொல்லத் திரும்பி வந்தால் 'அண்ணே'. அவருக்குத் தெரிந்த பிரெஞ்சு அந்த 'முசியே' ஒன்றுதான். அதை வைத்தே பாதி லாஸ்பேட்டையை விற்றிருப்பார்.

"கீழ பாத்து வாங்க முசியே, படி வழுக்கும்" என்றார். படி காய்ந்து கிடந்தது. "தல குனிங்க, நெல இடிக்கும்." நிலை ஏழடி, நான் ஐந்தடி நாலு அங்குலம். "தொட்டிய எட்டிப் பாருங்க, தண்ணி எளநி மாதிரி." குனிந்து பார்த்தேன். மொட்டைமாடிக்குப் போனால், "தளம் சுடும், கால பாத்து வைங்க." காலைப் பார்த்தேன். குடை கூடவே வந்தது. வீட்டைப் பார்த்து முடித்தபோது அதன் தரை முழுவதும் எனக்கு மனப்பாடம்.

தெருக்கோடியில் ஓர் இரும்புக் கோபுரம் நின்றது. "அது இன்னாய்யா?" என்றேன்.

"செல்போன் டவரு முசியே. சிக்னலு பிச்சிக்கினு வரும்."

"பையனுக்குக் கல்யாணம் ஆவணும். மாடி எடுக்கலாமா?"

"ஒண்ணு இன்னா, ரெண்டா எடுங்க. யாரு கேக்கப் போறா?"

வாங்கினேன். பால் காய்ச்சிய அன்று காலையில் தூறல். தலைக்கு மேல் எங்கோ 'சொர்ர்ர்' என்று சத்தம். என் மச்சான் வாசலுக்கு வந்து, "யாரு மாமா மாடியில வட சுடறது?" என்றான். அன்றுதான் என் வீட்டை முதன்முதலாக அண்ணாந்து பார்த்தேன். தெருக்கோடிக் கோபுரத்திலிருந்து வந்த டவர் லைன். ஊருக்கே மின்சாரம் கொண்டுபோகிற தடித்த கம்பிகள், மொட்டைமாடிக்கு நேர் மேலே.

குடைக்காரர் முதல் பந்தியில் பாயசத்தில் இருந்தார்.

"மேல இன்னாய்யா அது?"

"கரண்டு சார். எல்லாருக்கும் வர்றதுதான். ஒங்களுக்குக் கொஞ்சம் கிட்டக்க போவுது."

மாடிக்கு அனுமதி கேட்டுப் போனேன். அலுவலகத்தில் சிரித்தார்கள். "மாடியா? நீங்க துணி காயப்போடறதே ஜாக்கிரதையா போடுங்க" என்றார்கள். மாடிக்கென்று வாங்கிய இரும்புக் கம்பிகள் மொட்டைமாடியில் துருப்பிடித்தன. மகனுக்கு வந்த வரன் வீட்டைப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டது: இருப்பதே ஒரு படுக்கையறை, சின்னஞ்சிறுசுகள் எங்கே படுப்பார்கள்? நியாயமான கேள்வி. வரன் போயிற்று. இந்த வீட்டை விற்று வேறு வாங்கினால்தான் பையனுக்குக் கல்யாணம்.

யாரைக் கூப்பிடுவது? இப்படிப்பட்ட வீட்டை விற்கத் தெரிந்தவர் ஊரிலேயே ஒருவர்தானே. கூப்பிட்டேன். கூச்சமே இல்லாமல் வந்தார்.

"ஒருதபா வித்தவன் மறுதபா விக்க மாட்டனா அண்ணே?"

சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் இளைஞரையும் அவர் மனைவியையும் அழைத்துவந்தார். புதிதாகக் கல்யாணமானவர்கள். குடை விரிந்தது. வழுக்காத படி வழுக்கியது. இடிக்காத நிலை இடித்தது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் வாங்கும்போது எவன் வாயைத் திறந்தான்?

மொட்டைமாடியில் அட்வான்ஸ் வரைக்கும் பேச்சு வந்துவிட்டது. அந்த இளைஞர் சந்தோஷத்தில் மனைவியிடம், "மேல ஒரு ரூமு போட்டா எம்மாம் உசரம் வரும் தெரிமா? இரு, காட்டறேன்" என்று குடையை விட்டு வெளியே போய், துருப்பிடித்துக் கிடந்த என் இரும்புக் கம்பிகளில் நீளமான ஒன்றை எடுத்து நிமிர்த்தத் தொடங்கினார்.

"டேய்! மேல பாருடா!"

அதுவரை முசியேவாக இருந்தவர் ஒரு நொடியில் டேய் ஆகிவிட்டார். குடை ஒரு பக்கம் பறந்தது. குடைக்காரர் பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டித் தளத்தில் உருட்டினார். கம்பி கைப்பிடிச் சுவரில் மோதி விழுந்தது. மல்லாந்து கிடக்கிறவன் வேறு எங்கே பார்ப்பான்? அந்த இளைஞர் மேலே பார்த்தார். நன்றாகவே பார்த்தார். மனைவியும் பார்த்தாள். அழுதுகொண்டே அவரை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வியாபாரமும் கூடவே போயிற்று.

நான் குடைக்காரரைப் பிடித்துக்கொண்டேன். "அவனுக்கு மட்டும் மேல பாருன்னு கத்துன. நான் இன்னா தொக்கா? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியாய்யா?"

"நீங்க கம்பியத் தூக்கலியே அண்ணே" என்றார்.

என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் கையில் டம்ளர் நிற்கவில்லை. பாதி சட்டையில் கொட்டியது. மீதியை அவளே பிடித்துக் குடிக்கவைத்தாள். குடையைக்கூட எடுக்காமல் இறங்கிப் போனார்.

அதோடு சரி. தரகு வேலையையே விட்டுவிட்டார் என்கிறார்கள். பெரிய மார்க்கெட்டில் என்னைப் பார்த்தால் சந்தில் நுழைந்துவிடுகிறார். அவருக்குப் பிறகு வந்த தரகர்கள் எல்லாரும் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள், போய்விட்டார்கள். யோக்கியர்கள். யோக்கியர்களால் எனக்கு ஒரு பிரயோசனமும் இல்லை. வீடு அப்படியே இருக்கிறது. பையனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குடைக்காரரே, டீக்கடையில் ஓசியில் இந்தப் பத்திரிகையைப் படிப்பீர் என்று எனக்குத் தெரியும். ஏமாற்றியது ஏமாற்றியதுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் ஊரே படிக்கிற இடத்தில் ஒன்று கேட்கிறேன். சந்தில் நுழையாமல், நாலு பேர் முன்னால் நின்று பதில் சொல்லும். வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்தக் கை நடுக்கம் நின்றதா, இல்லையா?