ஆடி முடியும்வரை அண்ணன்

“அந்தப் புள்ள உங்களுக்கு என்ன வேணுமுங்க?” என்று கேட்டார் வாட்ச்மேன் கிட்டுசாமி.

பனியன் கம்பெனியின் பெண்கள் ஹாஸ்டல் கேட்டுக்கு வெளியே, சால்னா கசியும் புரோட்டாப் பொட்டலத்தோடு நின்றிருந்தான் இசக்கிமுத்து. வேறு எதைக் கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பான். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் அவனால் உண்மையைச் சொல்ல முடியாது. உள்ளே இருந்த வேல்விழி அவன் பொண்டாட்டி.

“தங்கச்சி அண்ணாச்சி” என்றான். சொன்ன வாயை அப்படியே தைத்துவிடலாம் போலிருந்தது.

எல்லாம் ஆடி மாதம் செய்த வேலை. கல்யாணமாகி வந்த முதல் ஆடி. புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக் கூடாது என்று வேல்விழியின் அம்மா ஊரிலிருந்து போனிலேயே சாமியாடினாள். ஊருக்குப் போய் ஒரு மாதம் உட்கார்ந்தால் செக்கிங் வேலை போய்விடும். வாடகைக்குப் பேசி வைத்திருந்த லைன் வீடும் ஆவணி பிறந்தால்தான் காலியாகும். ஆடியில் யார் வீடு மாற்றுவார்கள்? மிச்சமிருந்தது கம்பெனி ஹாஸ்டல் ஒன்றுதான்.

ஹாஸ்டலில் கல்யாணமாகாத பெண்களுக்குத்தான் இடம். கட்டிங் செக்‌ஷனிலோ கல்யாணமான ஆண்களுக்குத்தான் வேலை. குடும்பஸ்தன் சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு ஓட மாட்டான் என்பது கம்பெனியின் நம்பிக்கை. ஆக, அவன் கல்யாணமானவன் என்றும் அவள் ஆகாதவள் என்றும் சொல்லிச் சேர்ந்துகொண்டார்கள். இரண்டில் ஒன்று உண்மைதானே என்று இசக்கிமுத்து மனசைத் தேற்றிக்கொண்டான். வேல்விழி மெட்டியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள். தாலியைச் சுடிதாருக்குள் தள்ளி ஊக்குக் குத்திக்கொண்டாள்.

“கேட்டைத் தொறந்து போட்டுட்டு அங்க என்ன பேச்சு?” என்று உள்ளிருந்து ஒரு குரல் பாய்ந்தது. வார்டன் சுப்பாத்தாள்.

“நீங்க உள்ள பாருங்கம்மா. கேட்டு என்னோட பொறுப்பு” என்றார் கிட்டுசாமி.

“பெரிய பொறுப்பு! நேத்து நாயி உள்ள வந்துச்சே, அது உங்ககிட்டச் சொல்லிட்டா வந்துச்சு?”

“நீங்க வெச்ச சாம்பார் வாசத்துக்கு நாயி வந்ததே பெருசுங்க.”

இருவருக்கும் விடிந்தால் இதே ரகளை. ஹாஸ்டல் பெண்களுக்கு டிவியே தேவைப்படவில்லை.

சுப்பாத்தாள் இசக்கிமுத்துவை மேலும் கீழும் பார்த்தாள். அண்ணன் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, வேல்விழியைக் கூப்பிட்டாள். படியில் துள்ளி இறங்கிவந்த வேல்விழி, கணவனைப் பார்த்தாள், வார்டனைப் பார்த்தாள், நிலைமையைப் புரிந்துகொண்டாள்.

“அண்ணே!” என்றாள் வாய் நிறைய.

இசக்கிமுத்துவின் உயிர் பாதி போயிற்று. மீதியைச் சுப்பாத்தாள் எடுத்தாள்.

“ஏனுங்க தம்பி, அண்ணன்னு ஒருத்தர் இருக்கறதும் நல்லதாப் போச்சு. உங்க தங்கச்சிக்கு ஒரு மாப்பிள்ளை இருக்குது. அயர்ன் செக்‌ஷன் மாரிச்செல்வம். உங்க ஊர்ப் பக்கத்துப் பையன்தான். பீடி சிகரெட்டு கிடையாது. புள்ளையைக் கண்ணுல வெச்சுப் பாத்துக்குவான்.”

கட்டிய பொண்டாட்டிக்கு மாப்பிள்ளை பார்க்கும் பாக்கியம் ஊரில் வேறு யாருக்கு வாய்க்கும்?

“அவளுக்கு இப்பக் கல்யாண ஆசையே இல்லன்னு சொல்லுதாக்கா.”

“நான் எப்பண்ணே அப்படிச் சொன்னேன்?” என்றாள் வேல்விழி. சிரிப்பை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, “மாப்பிள்ளை என்ன உயரம்க்கா?” என்றும் கேட்டாள்.

“உன்ற அண்ணனை விட உசரந்தான் கண்ணு.”

புரோட்டாவை வேல்விழியின் கையில் திணித்துவிட்டு இசக்கிமுத்து வேகமாக நடந்தான்.

இதில் பெரிய கஷ்டம் என்னவென்றால், மாரிச்செல்வம் அவனோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். சேதி அவன் காதுக்கு எட்டிய மறுநாள் காலையிலேயே இசக்கிமுத்துவின் பாய் சுருட்டப்பட்டிருந்தது. சட்டை அயர்ன் ஆகித் தொங்கியது. மூக்குக்கு நேரே ஒரு டீ டம்ளர்.

“மச்சான், டீ ஆறுது.”

“யாருல மச்சான்?”

“நீங்கதான். உங்க தங்கச்சிக்கு என்ன கலரு புடிக்கும் மச்சான்?”

“அவளுக்குக் கலரே தெரியாது. கண்ணு சரியில்ல.”

“அதனால என்ன? நான் கையைப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவேன்.”

“காதும் கேக்காதுல!”

“ரொம்ப நல்லதாப் போச்சு மச்சான். நான் கொறட்டை விடுவேன்.”

ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு அயர்ன் செய்த சட்டையைப் போட்டான் இசக்கிமுத்து. மாரிச்செல்வம் அவனுடைய சாப்பாட்டுத் தூக்கைக் கழுவக் கை நீட்டிய அன்று பொறுமை போயிற்று. இந்த அண்ணன் வேஷத்தைக் கலைத்தால் சம்பந்தமும் கலைந்துவிடும் என்று கணக்குப் போட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹாஸ்டல் கேட்டில் போய் நின்றான்.

“அக்கா, ஒரு உண்மையைச் சொல்லுதேன். வேல்விழி எங்கூடப் பொறந்த தங்கச்சி இல்ல.”

“சித்தப்பன் மகளா?”

“இல்லக்கா.”

“பெரியம்மா மகளா?”

“அதுவும் இல்ல. ஒரே ஊரு. அவ்வளவுதான்.”

சுப்பாத்தாளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. கையில் வைத்திருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“நீ கல்யாணம் ஆனவன்னுதானே கட்டிங்ல சேந்திருக்கற?”

அப்போதுதான் இசக்கிமுத்துவுக்குத் தான் எங்கே வந்து விழுந்திருக்கிறோம் என்று உறைத்தது. கல்யாணமான ஆள், கல்யாணமாகாத பெண்ணுக்குப் புரோட்டா வாங்கி வந்து, கேட்டால் தங்கச்சி என்று சொல்லியிருக்கிறான்.

“அட கேடு கெட்டவனே!” என்று ஆரம்பித்தாள் சுப்பாத்தாள். “ஊர்ல ஒருத்தி உன்னை நம்பி உக்காந்திருப்பா. இங்க நீ புரோட்டா வாங்கிக் குடுத்து இன்னொரு புள்ளையை மயக்கறயா? தாலி கட்டறதுன்னா என்னன்னு நெனைச்ச? பக்கத்துல இருக்கறப்ப எவன் வேணும்னாலும் ஒழுங்கா இருப்பான். தள்ளி இருக்கறப்பவும் ஒருத்தி நெனைப்பாவே இருக்கோணும். அதுதாண்டா புருசன்! எனக்குக் குடும்பம் குட்டி இல்லை. வார்டன் தனியாளா வேணும்னு முதலாளியம்மா கேட்டதுக்கு வந்து கெடக்கறவ. எனக்கே இது தெரியுது, உனக்குத் தெரியலையா?”

“அந்தம்மா சொல்றது வாஸ்தவந்தானுங்க” என்றார் கிட்டுசாமி, ஸ்டூலில் நெளிந்துகொண்டே.

“நீங்க வாயை மூடுங்க! டேய், உன்ற பொண்டாட்டி நம்பரைச் சொல்லு.”

வேறு வழியில்லாமல், வேல்விழி ஊருக்குப் பேச மட்டும் வைத்திருந்த இரண்டாவது சிம்மின் நம்பரைச் சொன்னான். சுப்பாத்தாள் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு அழைத்தாள். ஹாஸ்டல் மொட்டை மாடியில் எங்கேயோ ஒரு போன் அடித்தது.

“அலோ” என்றது போன்.

“அலோ” என்றது மொட்டை மாடி.

கிட்டுசாமி நிமிர்ந்து பார்த்தார். துணி காயப்போடும் கயிற்றுக்குப் பின்னால் ஒரு தலை பொசுக்கென்று மறைந்தது. அவர் இசக்கிமுத்துவைப் பார்த்தார். இசக்கிமுத்து தரையைப் பார்த்தான்.

“என்னய்யா, ரெண்டு தடவை கேக்குது?” என்றாள் சுப்பாத்தாள்.

“டவர் அப்படீங்க” என்றார் கிட்டுசாமி.

“கண்ணு, மனசைத் திடப்படுத்திக்க. உன்ற புருசன் இங்க ஒரு புள்ளைக்குப் புரோட்டா வாங்கிக் குடுக்கறான்.”

போன் மூக்கை உறிஞ்சியது. பிறகு, “அவுக நல்லவுகக்கா. ஒண்ணும் சொல்லாதீக. பாவம், அவுக சாப்பிட்டாகளா?” என்றது.

சுப்பாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. “இந்த மவராசியை விட்டுட்டாடா நீ...” என்று முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். “அழுகாத சாமி. அடுத்த ஞாயித்துக்கிழமை பஸ் ஏறி வந்துரு. முதலாளியம்மா முன்னாடி நீயும் அந்தப் புள்ளையும் நேருக்கு நேரா நிக்கோணும். நான் பாத்துக்கறேன்!”

அந்த வாரம் முழுக்க இசக்கிமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மை தெரிந்தால் இரண்டு பேருக்கும் வேலை போகும். லைன் வீடு கனவாகிவிடும். ஆடி கழிந்து சேர்ந்து வாழ வேண்டியவர்கள் ஆளுக்கொரு பையோடு பஸ் ஸ்டாண்டில் நிற்க வேண்டியதுதான். ‘பேசாம நான் மட்டும் ஊருக்குப் போயிருதேன். நீயாவது வேலையில இரு’ என்று போனில் சொல்லிப் பார்த்தான்.

“அத்தான், ஒரு மாசம் பிரிஞ்சி இருக்கதுக்கே நீங்க படுத பாடு தெரியும். போறதுன்னா சேந்தே போவோம்” என்று வைத்துவிட்டாள் வேல்விழி.

ஞாயிற்றுக்கிழமை ஹாஸ்டல் ஆபீஸ் ரூமில் முதலாளியம்மா அபிராமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் சுப்பாத்தாள், இடுப்பில் கை. வாசலில் கிட்டுசாமி. நடுவில் இசக்கிமுத்துவும் வேல்விழியும்.

“உங்க சம்சாரம் வந்தாச்சுங்களா?” என்றார் அபிராமி.

“வந்துட்டாம்மா” என்றான் இசக்கிமுத்து.

“அந்தப் புள்ள?”

“அவளும் வந்துட்டா.”

“எனக்கு ஒருத்திதானே தெரியுது? இன்னொருத்தி எங்க?”

வேல்விழி ஓர் அடி முன்னால் வந்து, ஊக்கைக் கழற்றி, மஞ்சள் கயிற்றை வெளியே எடுத்துப் போட்டாள்.

“பொண்டாட்டியும் நாந்தாம்மா. புரோட்டா தின்னதும் நாந்தான்.”

தலை ஆடியில் தொடங்கி, அண்ணன், மச்சான், மொட்டை மாடி வரை இசக்கிமுத்து ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். பாதியிலேயே அபிராமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். மாரிச்செல்வத்தின் குறட்டை வந்த இடத்தில் அவரால் தாங்க முடியவில்லை. மேஜையில் கவிழ்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“கல்யாணத்தை மறைச்சு அடுத்தவளைப் பாக்கப் போறவனைப் பாத்திருக்கேன். கட்டுனவளைப் பாக்கறதுக்குக் கல்யாணத்தை மறைச்சவனை இன்னைக்குத்தான் பாக்கறேன்!”

சுப்பாத்தாள் மட்டும் சிரிக்கவில்லை. “இருந்தாலும் சொன்னது பொய்தானுங்க அம்மணி” என்றாள், குரலை இறக்கி. “பொய் சொன்னவங்களை என்ன செய்யறதுங்க?”

“வேலையை விட்டெல்லாம் அனுப்ப மாட்டேன். இப்படிப் புருசன் பொண்டாட்டி இருந்தா கம்பெனில நாலு பேருக்கு நல்லது. ஆனா சட்டம் சட்டந்தான். கல்யாணமான புள்ளைய இனி ஹாஸ்டல்ல வெச்சுக்க முடியாது” என்ற அபிராமி கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒண்ணு செய்யலாம். லைன் ஊடு காலியாகறவரைக்கும் கேட்டுப் பக்கத்துல இருக்குதே வாட்ச்மேன் ரூமு, அதுல இவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும். ஆடியைப் பத்தி உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன் கண்ணு. கிட்டுசாமி ஒண்டிக்கட்டைதானே? ஜெனரேட்டர் ரூமுல படுத்துக்கட்டும்.”

“அது முடியாதுங்க!” என்று இரண்டு குரல்கள் ஒன்றாக எழுந்தன. கிட்டுசாமியும் சுப்பாத்தாளும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அந்த ஹாஸ்டல் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

“ஏனுங்க முடியாது?” என்றார் அபிராமி.

சுப்பாத்தாள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அவள் காது மடல் சிவந்திருந்தது. கிட்டுசாமி தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை கனைத்தார்.

“அந்த ரூமு காலியில்லீங்க அம்மணி... நானும் என்ற சம்சாரம் இந்தச் சுப்பாத்தாளும், வேலைக்குச் சேந்த நாள்ல இருந்து அதுலதானுங்க குடித்தனம் இருக்கறோம்.”