வாத்தியார் மாட்டிய கூலர்

கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்தது. புதுக் கூலர் மாட்டி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வாத்தியார் முகத்தில் ஈயாடவில்லை.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "சொன்னதைக் கேக்கவே மாட்டியா?" என்று நாள் முழுக்கக் கத்துவார். அவர் யார் சொல்லியும் கேட்டதில்லை. அது வேறு விஷயம்.

வீட்டில் கம்ப்யூட்டர் ஒன்றுதான். பகலில் அதில் அவர் மனைவி கல்யாண ஆல்பம் தயாரிப்பாள். சாயங்காலம் வாத்தியார் கார் பந்தயம் விளையாடுவார். அங்கே பிரேக்கே போட மாட்டார். கொஞ்ச நாளாக அது சூடாகி அணைந்துகொண்டிருந்தது. பிராசஸர் சூட்டை இழுக்க நல்ல கூலர் போட்டால் போதும் என்றார்கள் கடையில். இருப்பதிலேயே பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்தார். செங்கல் சைஸ், இரண்டு பக்கமும் விசிறி. மாட்டினால் பெட்டியின் பக்க மூடி மூடவில்லை. மூடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "காத்தோட்டம்" என்று பெயர் வைத்தார்.

மாட்டும்போது, கூலரோடு வந்த குறிப்பைப் படித்துவிட்டு மனைவி ஒன்றே ஒன்று சொன்னாள். "எனக்கேவா?" என்றார். அவள் போய்விட்டாள்.

இப்போது திரும்பி வந்து நின்றாள்.

"ஏங்க, பழைய குட்டிக் கூலரே தேவலையே. அது மத்தியானம் வரைக்குமாவது தாங்கிச்சு."

"கூலர் மேல தப்பே இல்ல. யானையைக் கொண்டுவந்து கட்டியிருக்கேன். பிராசஸர்தான் செத்துப்போச்சு."

"அய்யோ பாவம். என்ன பண்ணலாம்?"

"புதுக் கம்ப்யூட்டர் வாங்கிடலாம். புதுசு எனக்கு. இதை ரிப்பேர் பண்ணி நீ வெச்சுக்க."

"செத்தது எனக்கா?"

"விளையாட்டுக்கு வேகம் வேணும்மா. ஆல்பத்துக்கு எதுக்கு வேகம்? அதுல இருக்கிற மாப்பிள்ளை என்ன ஓடவா போறான்?"

"சில பேர் ஓடியிருக்கலாம். யோசிக்கல."

வாத்தியார் இருமினார்.

"நீங்க மாட்டினதுல ஏதாவது..."

"எத்தனை பேரை ரோட்டுல ஓட்ட வெச்ச கை தெரியுமா இது?"

"அப்ப பந்தயம். உங்க மேல தப்பில்லன்னா நாளைக்கே புதுசு, உங்களுக்கு. தப்பிருந்தா இது முழு நாளும் எனக்கு. சாயங்காலமும்தான். நீங்க தொடவே கூடாது."

அவள் சொல்லி முடிக்கவில்லை. வாத்தியார் அவள் உள்ளங்கையில் பளாரென்று அடித்து சத்தியம் பண்ணிவிட்டார். மனதுக்குள் புதுக் கம்ப்யூட்டர் வந்து, முதல் பந்தயத்தில் ஜெயித்தும்விட்டார்.

அவளுடைய இன்னொரு கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. வரும்போதே கொண்டுவந்திருக்கிறாள். அதை அவர் அப்போதுதான் பார்த்தார்.

நிதானமாகத் திருகுகளைக் கழற்றினாள். யானையைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினாள். அடிப்பாகத்தில், பிராசஸரைத் தொட வேண்டிய இடத்தில், மெல்லிசான பிளாஸ்டிக் தாள் ஒன்று ஒட்டியபடியே இருந்தது. சூடு மேலே ஏற வழியில்லை. தாள் மேலே சிவப்பு எழுத்து.

"என்ன போட்டிருக்கு? படிங்க."

"கண்ணாடி போடல."

"பரவாயில்ல, நானே படிக்கிறேன். மாட்டும்போதே சொன்னதுதானே. 'மாட்டுவதற்கு முன் இந்தத் தாளை உரிக்கவும்.'"