கெல்சியின் பின்கழுத்தும் எங்கள் வீட்டு இரும்புக் கேட்டும்

அன்புள்ள தங்கை மேவிஸுக்கு,

ஹல் நகரத்திலிருந்து உன் அக்கா ஈனிட் எழுதிக்கொண்டது. இங்கே என் முழங்காலைத் தவிர மற்றெல்லாம் சுகம். அங்கே உன் கடற்காற்றும், உன் புருஷன் டெரக்கின் முதுகும், நம் அம்மா டீ போட்ட அந்தக் கெட்டிலும் சுகமாக இருக்கும் என்று நம்புகிறேன். டீக்கெட்டிலைப் பற்றி இதில் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று, சாண்ட்விச் தட்டு காலியாகும் முன்னே அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு போனாய். பச்சைக் கோட்டு. மேல் பொத்தான் இல்லை. அவ்வளவுதான்.

போனில் கேட்டாயே, என் பேத்தி கெல்சி சினிமாவில் நடிக்கிறாளாமே, காட்டும்போது நானும் வரட்டுமா என்று. வர வேண்டாம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். படம் கெட்டுப்போயிற்று, கெடுத்தது உன் அக்கா. டெரக்குக்கு வாசித்துக் காட்டாதே, அவன் சிரிப்பு எனக்கு ஆகாது.

கெல்சியைப் பள்ளிக்கூடத்தில் வராதே என்று நிறுத்தி வைத்தார்களே, அந்த வாரம் பஸ் ஸ்டாப்பில் நின்று யாரையோ தெருவே கேட்கத் திட்டிக்கொண்டிருந்தாளாம். பார்த்த ஒரு பெண், "இதே மாதிரி கேமரா முன்னாடி திட்டுவியா கண்ணு?" என்று கேட்டுக் கூட்டிப்போய்விட்டாள். இப்படித்தான் இந்தச் சினிமாக்காரர்கள் ஆள் பிடிக்கிறார்கள்; நடிக்கத் தெரியாத பிள்ளைதான் வேண்டுமாம். கதையைக் கையில் கொடுப்பதும் இல்லை. முதலிலிருந்து வரிசையாக எடுத்துக்கொண்டு போய், அன்றன்றைக்கு நடப்பதை அன்றன்று காலையில்தான் சொல்கிறார்கள். படத்தில் அவளுக்கு ஓர் அம்மா உண்டு, அதற்கு மட்டும் மான்செஸ்டரிலிருந்து படித்துத் தேறிய நடிகை. பெற்ற அம்மா, அதாவது என் மகள் லொரேன், வீட்டை விட்டுப் போனதிலிருந்து அந்தப் பிள்ளை எதற்காகவும் தானாக எழுந்து நான் பார்த்ததில்லை. இதற்கு மட்டும் பால்காரனுக்கு முன்னால் எழுந்து தலை வாரிக்கொண்டு நின்றாள், மேவிஸ்.

முதல் நாளே வம்பு. எதிர்ச்சாரியில் கறுப்பு ஜன்னல் வைத்த ஒரு வேன். உள்ளே ஒருவன் குழாய் மாதிரி நீளமாக எதையோ நம் வீட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஒரு பெண், கம்பு நுனியில் செத்த பூனை மாதிரி ரோமமாக எதையோ மாட்டிப் பிடித்திருந்தாள். டிவிக்கு லைசென்ஸ் பணம் கட்டாதவர்களை வேனில் வந்து பிடிப்பார்களே, அந்த லைசென்ஸ்காரர்கள் என்றே முடிவு கட்டினேன். டிவியை அணைத்து, மேஜைவிரிப்பைப் போர்த்தி, மேலே பூத்தொட்டியை வைத்துவிட்டு, சோபாவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். முழங்கால் அன்றைக்குப் போனதுதான். லைசென்ஸ் ஒழுங்காகக் கட்டியிருக்கிறேன், ஆனாலும் அந்த மாதிரி வேனைக் கண்டால் நம் தெருவில் யார்தான் ஒளியமாட்டார்கள்? கெல்சி வந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"எந்திரி பாட்டி, மானத்த வாங்காத! அது எங்க படத்து ஆளுங்க. தூரத்துலேருந்து எடுத்தா கேமரா இருக்கறதே எங்களுக்கு மறந்துரும்ல, அதுக்குத்தான்."

"ஒளிஞ்சு நின்னு பாக்கறவன் எவனா இருந்தாலும் லைசென்ஸ்காரன்தான்டி" என்றேன்.

கிட்டே வந்தால் மட்டும் யோக்கியமாக எடுக்கிறார்களா? ஒருவன் கேமராவைத் தோளில் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே ஓடுகிறான். சந்து, மார்க்கெட், சிப்ஸ் கடை, எங்கே போனாலும் அவள் பின்கழுத்துதான். எடுத்ததைச் சின்னப் பெட்டியில் போட்டுக் காட்டினார்கள். அலையில் படகு போவது மாதிரி ஆடுகிறது, எனக்குக் காலையில் சாப்பிட்டது மேலே வந்தது. டைரக்டர் கேலம் என்பவன் ஒல்லிப்பிச்சான், குளிரிலும் சாக்ஸ் போடாதவன். அவனைப் பிடித்துக் கேட்டேன். "ஏன் தம்பி, பாலூட்டி வளர்த்தது பின்கழுத்தையா? அவ மூஞ்சி உனக்கு என்ன பாவம் பண்ணுச்சு?" அவன் வாயைத் திறக்குமுன் கெல்சி சொல்லிவிட்டாள்: "மூஞ்சியக் காட்டுனா உட்கார்ந்த எடத்துல என்னைப் பாத்துப் பாவப்படுவீங்க. பின்னாடி வந்தா, நான் பாக்கறத நீங்களும் என்கூட நடந்து பாப்பீங்க. பாவப்படறதெல்லாம் எனக்கு வேணாம்."

பாட்டும் கிடையாது. அழுகை வரும் இடத்தில் வயலின் வாசித்தால்தானே அழலாம்? அதற்குப் பதில் பஸ், நாய், அடுத்த வீட்டு டிவி. கம்பில் பூனை மாட்டியிருந்தாளே, அது மைக்காம், அவள்தான் சத்தத்துக்குப் பொறுப்பு, பெயர் ஓர்லா, அயர்லாந்துப் பெண். கடைசிக் காட்சிக்கு நம் சமையலறையைப் பார்க்க வந்தவள் வாசலோடு நின்றுவிட்டாள். நம் இரும்புக் கேட்டைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். அது க்ர்ரீச் என்று கத்தக் கத்த, கோயிலில் நிற்பவள் மாதிரிக் கண்ணை மூடிக்கொண்டாள். "இந்தக் கேட்டு போதும். எதையும் தொடாதீங்க, எல்லாம் இப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எதையும் தொடாதே என்று மரியாதைக்குச் சொல்வார்கள். வீட்டுக்கு ஆள் வரும்போது எந்தக் குடும்பப்பெண் தொடாமல் இருப்பாள்? அடுப்பைத் தேய்த்தேன், திரைச்சீலையை வெளுத்தேன். கடைசியாகத் தையல் மெஷின் எண்ணெயை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டின் கீலில் ஊற்றினேன். லொரேன் போனதிலிருந்து நான் அதற்கு எண்ணெய் போட்டதில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும். எந்த நேரம் திரும்பி வந்தாலும் காதில் விழட்டும் என்றுதான். பக்கத்து வீட்டு ஐரீன் ஸ்டேதர்ஸ் அந்தச் சத்தத்துக்காகக் கவுன்சிலுக்கு எழுதிப் போட்டபோதுகூட அசையவில்லை. சினிமாக்காரர்கள் முன்னால் வீடு கத்தக்கூடாது என்று அன்று ஊற்றித் தொலைத்தேன்.

மறுநாள் வந்தார்கள். ஓர்லா முதலில் ஃப்ரிட்ஜை அணைத்தாள், அது முனகுகிறதாம். அணைத்தவள் வேன் சாவியை எடுத்து ஃப்ரிட்ஜுக்குள்ளே வெண்ணெய் பக்கத்தில் வைத்தாள். போகும்போது சாவியைத் தேடுவாள், ஃப்ரிட்ஜைத் திறப்பாள், மறக்காமல் திரும்பப் போட்டுவிடுவாள், அதுதான் இவர்கள் வழக்கமாம். யார் எனக்குச் சொன்னார்கள்? பாவம், பைத்தியம் என்று எண்ணி நான் சாவியை எடுத்து ஆணியில் மாட்டினேன். மீன் எல்லாம் உருகித் தரையில் ஓடிற்று. அப்புறம் எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொல்லி, அறை சும்மா இருக்கும் சத்தத்தைப் பதிவு செய்தார்கள். சும்மா இருப்பதற்கு என்ன சத்தம்? என் வயிறு கத்தியது. மறுபடியும் முதலிலிருந்து நின்றோம்.

இனித்தான் கேள். படத்தின் முடிவு இது: கெல்சி அம்மாவோடு சண்டை போட்டுவிட்டு வெளியேறுவாள். கேமரா அவள் பின்னால் போகாது. முதல் தடவையாக ஆடாமல் அசையாமல் அந்த அம்மா முகத்திலேயே நிற்கும். கேட் ஒருமுறை கத்தும், பிள்ளை போய்விட்டது. இரண்டாம் முறை கத்தும், திரும்பி வந்துவிட்டது. கண்ணால் ஒன்றும் பார்க்கப்போவதில்லை, எல்லாம் காதால்தான். ஓர்லா போய்க் கேட்டைத் திறந்தாள். அது சத்தமே இல்லாமல் போய் வந்தது.

அந்தப் பெண்ணின் முகம்! கேட்டைச் சோப்பு போட்டுக் கழுவினார்கள், மண்ணைத் தேய்த்தார்கள், முனகியதே தவிரக் கத்தவில்லை. "முன்னாடியே பதிவு பண்ணி டப்பால அடைச்ச சத்தம் வேணா வச்சுக்கலாம், ஆனா அது வேற எவ வீட்டுக் கேட்டோதானே" என்றாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது, நடிகைக்கு ரயிலுக்கு நேரமாயிற்று. கேலம் தலையைச் சொறிந்துகொண்டு, "அப்போ திரும்பி வரலைன்னே முடிச்சிருவோம்" என்றான். கெல்சி கேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். என் வீட்டில் அந்தக் கதை ஒருமுறை நடந்தது போதாதா, மேவிஸ்? அதைப் பெரிய திரையில் வேறு காட்ட வேண்டுமா?

ஐரீன் வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆமாம், நான்தான். ராணியம்மாவின் வெள்ளிவிழாத் தெருவிருந்தில், என் டிரைஃபிள் இனிப்பில் ஊற்றியது நான் காய்ச்சியதில்லை, கடையில் வாங்கிய டின் கஸ்டர்டு என்று பாதிரியார் காதுபடச் சொன்னவள் அவள். அன்றைக்கு அவள் போட்டிருந்த தொப்பியில் செர்ரிப்பழம் தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து நான் அவள் வாசலில் கால் வைத்ததில்லை.

"அடடே, டின் கஸ்டர்டு மகாராணி! வழி தவறி வந்துட்டீங்களா?"

"உன் கேட்டு வேணும்டி."

"எதுக்கு? உன் கேட்டு கத்திக் கத்தித் தொண்டை கட்டிருச்சா?"

"பிள்ளை வீடு திரும்பணும் ஐரீன்." இதைத்தான் சொன்னேன். சினிமா என்று சொல்ல வந்தேன், வாயில் இப்படி வந்துவிட்டது.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வந்து ஒரு பக்கத்தைப் பிடித்தாள். இரண்டும் கவுன்சில் ஒரே நாளில் மாட்டிய கேட்டுகள்தானே. கழற்றி நம் கம்பத்தில் மாட்டியதும் ஆடு கத்துவது போல் கத்தியது. ஓர்லா ஐரீனைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள். எனக்குக் கொடுக்கவில்லை, அதையும் மறக்கமாட்டேன்.

ஒரே தடவைக்குத்தான் வெளிச்சம் இருந்தது. என்னைச் சாமான் அறையில் உட்காரவைத்து, மூச்சுகூட விடாதே என்றார்கள். சண்டை நடந்தது, கெல்சி போனாள், கேட் க்ர்ரீச் என்றது. ஆனால் கொக்கி விழும் சத்தம் வரவில்லை. வழக்கம்போல அவள் திறந்து போட்டுவிட்டுப் போகிறாள்! இத்தனை வருஷத்துப் பழக்கம் யாரைக் கேட்டு வரும்? அடித்தொண்டையிலிருந்து கத்திவிட்டேன்: "ஏய், கேட்ட சாத்திட்டுப் போடி! நாய் பூந்துரும்!" வெளியிலிருந்து அவளும் பழக்கத்தில், "வர்றேன் பாட்டீ!" என்று கத்தினாள். க்ர்ரீச். கொக்கி விழுந்தது.

கேலம் தரையைப் பார்த்தான், இருட்டிவிட்டது, மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் கெடுத்துவிட்டேன், மேவிஸ். கெல்சி என்னைத் திட்டவும் இல்லை, அதுதான் தாங்கவில்லை. ஆகவே நீ வர வேண்டாம், யாரிடமும் சொல்லவும் வேண்டாம். ஐரீனோடும் இனிப் பேச்சு இல்லை. கேட்டைத் திருப்பிக் கொடுப்பதோடு சரி.

கடவுள் உன் கூரையையும் டெரக்கின் முதுகையும் காப்பாராக.

உன் அக்கா,
ஈனிட் கார்பட்

பின்குறிப்பு: இந்தக் கடிதம் வசந்தத்தில் எழுதியது; டீ டப்பாவுக்குப் பின்னாலேயே கிடந்தது. தபால்தலை இல்லாமல் இல்லை, உன்மேல் இருந்த கோபம்தான். இப்போது இலை உதிர்கிறது, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் படி. சனிக்கிழமை படத்தை நம் நகரத்தில் போட்டார்கள். கடைசியில் அந்த அம்மா முகம், ஒரு க்ர்ரீச், அப்புறம் கொட்டகை அதிர என் குரல், அவள் குரல், இன்னொரு க்ர்ரீச், கொக்கி. அதோடு முடிகிறது. எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே மூக்கைத் துடைத்தார்கள். தன் கேட்டுதான் படத்தில் நன்றாக நடித்தது என்று ஐரீன் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறாள். நேற்று டீ குடிக்க வந்தபோதும் சொன்னாள். ஓர்லா அடுத்த படத்துக்குக் கம்பு பிடிக்கக் கெல்சியைக் கூப்பிட்டிருக்கிறாள். லொரேன் லீட்ஸ் நகரத்தில் படம் பார்த்தாளாம். போன் செய்து, "கேட்ட சாத்தச் சொன்னது நீதானம்மா?" என்று கேட்டாள். வேறு யார் என்றேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருகிறாள். நீயும் வா. டீக்கெட்டிலைக் கொண்டு வா, ஆள் அதிகம். ஐரீனின் கேட் இன்னும் நம் கம்பத்தில்தான் இருக்கிறது. எண்ணெய் போடவில்லை. நீ வந்தால் கேட்கும்.