பராதியே வராத சர்வர்

சொந்தமாகப் போட்டுக்கொள்கிறவர் என்று ஒரு மனித இனம் இருக்கிறது. உங்கள் தெருவில் நிச்சயம் ஒருவர் இருப்பார். ஊரார் எல்லோரும் பயன்படுத்துகிற ஒரு சாமான் ஒழுங்காக ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டால் இவருக்கு உடம்பு அரிக்கும். "இதுக்கு எதுக்குங்க அடுத்தவனுக்கு வாடகை? நம்மளே போட்டுக்கலாம்" என்பார். அவ்வளவுதான். அந்தப் பேச்சு விழுந்த வீட்டில் அன்று முதல் ஏதாவது ஒன்று ஓடாது.

மலையாளச் சீமையிலிருக்கிற எங்கள் எலப்புள்ளிப் பக்கத்தில் இந்த இனத்தை மூன்று தலைமுறையாகப் பார்த்துவிட்டேன். எனக்குப் பங்காளி முறையான குப்பண்ணன், கூப்பிடு தூரத்தில் ரைஸ்மில் இருக்கும்போது சொந்தமாக ஒரு மெஷின் வாங்கி வைத்து, சாகும்வரை குருணைச் சோறு தின்றார். அவர் மகன் பூபதிராஜா, மகள் கல்யாணத்துக்கு வாடகைப் பந்தல் வேண்டாமென்று சொந்தப் பந்தல் வாங்கினார். அது முகூர்த்தத்துக்கு முன்னால் பெண்ணின் தாய்மாமன் மேல் படுத்துக்கொண்டது. தாய்மாமன் இன்றைக்கும் இவர்கள் வீட்டுப் பக்கம் கழுத்தைத் திருப்புவதில்லை. அது வலியா, வருத்தமா என்று கேட்க யாருக்கும் தைரியம் கிடையாது.

இந்தப் பூபதிராஜாவின் மகன்தான் ரமேஷ்குமார். என்ஜினீயர் படிப்பு, கஞ்சிக்கோட்டில் கம்ப்யூட்டர் வேலை. அவன் மனைவி நர்மதா ஊருக்குள் கறவை மெஷின் விற்று, ரிப்பேரும் பார்த்துக் கொடுக்கிறாள். பால் கறக்கிற மெஷின் நின்றுபோனால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க முடியுமா? மடி கேட்குமா? அதனால் மாட்டுக்காரர்கள் நேரே நர்மதாவின் போனுக்கு அடிப்பார்கள். "அக்கா, மோட்டார் ஓடுதா? ரப்பர் கிழிஞ்சிருக்குதா பாருங்க" என்று இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு மெக்கானிக் பெரியமுத்துவை அனுப்புவாள். கூப்பிடுகிறவர்களில் பழனாத்தாள் ஒருத்தி. பூபதிராஜாவின் கல்யாணத்தில் இணைச்சீர் செய்த மூத்த அக்காள். ரமேஷ்குமாருக்குச் சொந்த அத்தை. மணிக்கட்டு முறிந்து கையால் கறக்க முடியாமல் போனதால் மெஷின் வாங்கியவள். அவள் குடித்தனமே அந்த மாடுகள் கொடுக்கிற பாலில்தான் நடக்கிறது.

சாப்பிட உட்கார்ந்தாலும் போன் அடிக்கிறதே என்று நர்மதா ஒருநாள் சலித்துக்கொண்டாள். எங்கள் பக்கத்தில் புகாரைப் பராதி என்போம். மலையாளச் சொல்லானாலும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பராதியைப் பதிந்து, யாருக்கு அனுப்புவது, யார் போனார்கள் என்றெல்லாம் பார்த்துக்கொள்கிற சாப்ட்வேர் மாத வாடகைக்குக் கிடைக்கிறது என்று யாரோ சொன்னார்கள்.

வாடகை. அந்தச் சொல்லை ரமேஷ்குமார் காதில் போட்டிருக்கக் கூடாது.

இந்த இனத்தார் சர்வர் போடுகிற சடங்கை நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். கிளவுடில் சர்வர் எடுப்பார்கள், அதிலும் இருப்பதிலேயே சின்னதாக எடுப்பார்கள். போடப்போகிற சாப்ட்வேரோ இது எனக்குப் போதாது என்று முதல் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கும். முதல் பக்கத்தைப் படிப்பது கௌரவக் குறைச்சல் என்பதால் நேரே கறுப்புத் திரைக்குப் போய், எவனோ எழுதி வைத்ததை எடுத்து ஒட்டி, அது சிவப்பாகத் திட்டினால் இன்னொருவன் எழுதியதை எடுத்து ஒட்டி, சோறு ஆறி, பால் ஏடு கட்டி, பெற்றவள் கூப்பிட்டாலும் காதில் விழாமல், கடைசியில் ஏதோ ஒன்று ஓடும். ஏன் ஓடியது என்று கேட்காதீர்கள். மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? இவர்கள் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் போதும். கேட்காமலே சொல்லுவார்கள்.

"அந்தச் சர்வருக்கும் மாசாமாசம் வாடகைதானே கட்டறே?" என்று ரமேஷ்குமாரிடம் கேட்டேன்.

"அது வேறைங்க அப்பாரு."

"எப்படி வேறே?"

"வாடகைதானுங்க. ஆனா நம்ம வாடகை."

இணைய முகவரிக்கு முன்னால் பூட்டுப் படம் வந்த அன்று வீட்டில் பாயசம் வைத்தார்கள். ரமேஷ்குமாரின் தாய் மருதாத்தாள் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக்கொண்டு வந்து, "எங்க கண்ணு கட்டறது?" என்றாள். "அது மும்பைல இருக்குதும்மா" என்றான் மகன். கடைசியில் லேப்டாப் மூடிக்குக் குங்குமம் வைத்தார்கள். பிறகு சோதனை. தானே மாட்டுக்காரனாகிப் பராதி எழுதினான்; தானே அதிகாரியாகிப் பதில் எழுதினான்; சேவை எப்படி இருந்தது என்று அது கேட்டதற்குத் தானே ஐந்து நட்சத்திரமும் கொடுத்துக்கொண்டான். பராதி வந்ததும் நர்மதாவுக்கும் தனக்கும் மெயில் வரும்படி வைத்திருப்பதாகச் சொன்னான். அது வருகிறதா என்று மட்டும் பார்க்கவில்லை. அவனே போட்டது வராமல் எங்கே போகும்?

அதோடு நின்றானா? கடை போர்டிலும் வண்டியிலும் இருந்த நர்மதாவின் நம்பருக்கு மேல் பெயின்ட் அடித்தான். ஒவ்வொரு மெஷினிலும், போனில் படம் பிடித்தால் சைட் திறக்கிற கறுப்புக் கட்டத்தை ஒட்டச் செய்தான். பழைய நம்பருக்கு யாராவது அடித்தால், பராதியைச் சைட்டில் பதியவும் என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிடும்.

"நம்பர் ஒரு ஓரமா இருந்துட்டுப் போகட்டுமுங்க" என்றாள் நர்மதா.

"இருந்தா அதுக்குத்தான் கூப்பிடுவாங்கொ. சனங்க திருந்தவே மாட்டாங்க."

பிறகு அமைதி. எப்பேர்ப்பட்ட அமைதி. மெயில் ஒன்றும் வரவில்லை. ரமேஷ்குமார் போனைத் தூக்கிக்கொண்டு பால் சொசைட்டிக்குப் போனான், வளைகாப்புக்குப் போனான், எழவு வீட்டுக்கும் போனான். "பாருங்க, ஒரு பராதி இல்ல" என்று போகிற இடமெல்லாம் காட்டினான்.

"இத்தனை மாடு இருக்கற ஊருல ஒரு ரப்பர் கூடவாங்க கிழியல?" என்று நர்மதா கேட்டாள்.

"சிஸ்டம் வந்துட்டா அப்படித்தான்."

சொசைட்டியில் நாலு பேர் அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டதையும், இதே மெஷின் விற்கிற பொள்ளாச்சிக்காரன் வண்டி ஊருக்குள் அடிக்கடி தென்பட்டதையும் அவள் சொன்னாள். போட்டிக்காரனுக்கு வயிற்றெரிச்சல் என்றான்.

ஒருநாள் காலையில் பழனாத்தாள் ஆட்டோவில் வந்து இறங்கினாள். இடுப்பில் குழந்தையைப் போல மெஷின் பாகத்தை வைத்திருந்தாள். நானும் கடையில்தான் இருந்தேன்.

"ஏப்பா, கடை இருக்குதா, மூடிட்டீங்களா?"

"வாங்கத்தே, உக்காருங்க" என்றான் ரமேஷ்குமார்.

"உக்கார வரல சாமி. மெஷின் நின்னுபோயி பேத்தி யோகப்பிரியா உன்ற கட்டத்தைப் புடிச்சுப் புடிச்சுப் பதிஞ்சா. உங்கள் பராதி எங்களுக்கு முக்கியம்னு அதுலயே உடனே பதில் வந்துச்சு. முக்கியம்னா வருவீங்கன்னு ஊட்டுலயே உக்காந்திருந்தேன். பக்கத்தூட்டுக்காரி வந்து பாதியக் கறந்து பாதிய உட்டா. செவலைக்கு மடி கல்லாட்டம் ஆயிருச்சு. ஒரு காம்பு போச்சுங்கறாரு டாக்டர். மத்தது தப்பிக்கோணும்."

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? அவன் சொன்னான்:

"அப்படி எதுவும் வரலீங்கத்தே. வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்."

நர்மதா பெட்டியிலிருந்த ரப்பரையெல்லாம் அள்ளிக்கொண்டு, பெரியமுத்துவை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள். பழனாத்தாளுக்கும் ஆட்டோவுக்கும் முன்னால் அவள் செவலையிடம் போய்ச் சேர்ந்திருப்பாள். ரமேஷ்குமார் லேப்டாப்பைத் திறந்து, வரவில்லை என்பதை நிரூபிக்கப் பார்த்தான். அது பாஸ்வேர்டு கேட்டது. யாராலும் கண்டுபிடிக்க முடியாத பாஸ்வேர்டாகத்தான் வைத்திருந்தான், அவனாலும் முடியவில்லை. மறந்துவிட்டால் மெயில் அனுப்புகிறேன் என்றது. அனுப்பு என்றான். வரவில்லை. வருமா? புதிதாகச் சர்வர் எடுக்கிறவர்களுக்கு, எழுதிக் கேட்டாலொழிய மெயில் போகிற வழியை அந்தக் கம்பெனி அடைத்துத்தான் வைக்குமாம். அதுவும் முதல் பக்கத்தில் இருந்ததாம்.

மத்தியானம் கறுப்புத் திரை வழியாகப் பின்பக்கமாகப் புகுந்து ஒருவழியாகத் திறந்தான். ஊரிலுள்ள மாடெல்லாம் அங்கே கத்திக்கொண்டிருந்தது. எல்லாப் பராதிக்கும் கீழே, உங்கள் பராதி எங்களுக்கு முக்கியம்.

ஒவ்வொன்றாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினான். வெட்கப்படப் போகிறான் என்று நினைத்தேன். எனக்கு இத்தனை வயதாகியும் புத்தி வரவில்லை.

"நம்ம சர்வருல ஒரு குத்தமும் இல்லீங்க அப்பாரு. மெயிலை அடுத்தவனை நம்பி உட்டதுதான் தப்பு. மெயில் சர்வரையும் நம்மளே போட்டுக்கலாம்."

செவலை மூன்று காம்போடு பிழைத்துக்கொண்டது. பழனாத்தாள் வீட்டு மெஷினில் அந்தக் கறுப்புக் கட்டத்தின் மேலேயே நர்மதா பெயின்டால் தன் நம்பரை எழுதினாள். இப்போது ஒவ்வொரு வீடாகப் போய் எழுதிக்கொண்டிருக்கிறாள். சில வீடுகளில் அதற்குள் பொள்ளாச்சிக்காரன் மெஷின் வந்துவிட்டது.

சரி, ஒன்று கேட்கிறேன், உண்மையைச் சொல்லுங்கள். படித்துக்கொண்டு வரும்போதே, மெயிலை முதலிலேயே சோதித்திருக்கலாமே, நானாக இருந்தால் சரியாகப் போட்டிருப்பேனே என்று உங்களுக்கு எங்காவது தோன்றியதா? மாட்டின் நினைப்பு வருவதற்கு முன்னால் சர்வர் நினைப்பு வந்ததா? அப்படியானால் ஒரே ஒரு உபகாரம் செய்யுங்கள். நீங்கள் ஆரம்பிப்பதற்கு முன்னால், உங்களை நம்பி மாடு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மெயிலில் வேண்டாம். நேரில் போய்ச் சொல்லுங்கள்.